நாற்பத்தெட்டு கிலோவில் முதல் பெயர்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மைதான். ஆனால் அன்றைக்கு வந்தது நியாயமான கோபம். யார் வேண்டுமானாலும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் நான் எட்டு வருடம் குத்துச்சண்டை பழகிய கழகத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்தாம் ஆண்டு விழா. பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கொட்டகைச் சுவரில் ஆறடிப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. பெண்கள் நாற்பத்தெட்டு கிலோ எடைப்பிரிவில் இந்த மாவட்டம் கண்ட தலைசிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்தி அதில் எழுதப் போகிறார்கள். எங்கள் கழகம் பேர் வாங்கியதே அந்த எடையில்தான். பெயிண்டர் காஜா முகைதீன் பாய் பிரஷ்ஷோடு ஏணிக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்.

செயலாளர் கார்த்திகேசன் அண்ணாச்சி மைக்கில் பட்டியலை வாசித்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். இருபத்தைந்து வருடப் போட்டி முடிவுகளையும் விரல் நுனியில் வைத்திருப்பவர். வாழ்நாளில் ஒரு குத்துகூட வாங்காதவர். பத்தாம் இடத்திலிருந்து தொடங்கி மேலே வந்தார். ஐந்தாவது பெயர் வரை நான் சிரித்த முகமாகத்தான் இருந்தேன். மூன்று, சாலோமி. இரண்டு, நித்யா. ஒன்று, எப்சி. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் பெயர் இல்லவே இல்லை.

நான் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் மேடையேறிச் சண்டை போட்டவள் என்று சொன்னால் அங்கே சிரிக்கிறார்கள். வீட்டிலோ, "கல்யாணத்துக்கு முந்தி எங்கயோ போய் அடிபட்டுட்டு வருவா" என்பதோடு சரி. அந்த எட்டு வருடத்துக்குச் சாட்சியாக என்னிடம் இருப்பது கோணிப்போன ஒரு சுண்டுவிரல்தான். அந்தப் பலகையில் என் பெயர் எனக்கு வேண்டும். பத்தாவதாகவாவது வேண்டும்.

எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, நான் எங்க?"

"நீ அம்பத்தொரு கிலோவுலல்லா ஆடுன? இது நாப்பத்தெட்டுக்கு உள்ள பலகை. அந்த எடையில வாங்குன மாநிலப் பதக்கத்த வச்சுத்தான் வரிசை. உனக்கு எந்த எடையிலயும் பதக்கம் இல்லியே, முத்துராணி."

அதுவும் உண்மைதான். ஐம்பத்தொன்றில் என்னைவிட ஒரு சாண் உயரமான பெண்களோடு மோதினேன். ஒரு தடவைகூடக் கால் இறுதியைத் தாண்டவில்லை.

"எப்சி யாரு துணிய அலசினான்னு கேளுங்க!" என்று கத்தினேன்.

வெளியாட்களுக்கு இது புரியாது. சனிக்கிழமை மாலைப் பயிற்சிச் சண்டையில் தோற்றவள், ஜெயித்தவளின் கையில் சுற்றியிருந்த துணியைத் தாமிரபரணியில் அலசிக் காயப்போட்டு, திங்கட்கிழமை மடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இது எங்கள் பயிற்சியாளர் ஞானசிகாமணி சார் கொண்டுவந்த வழக்கம். வியர்வை நாற்றம் பிடித்த நாலு மீட்டர் துணி, கைக்கு ஒன்று. எப்சியின் துணியை நான் அலசியது இரண்டே தடவை. என் துணியை அவள் அலசியதற்குக் கணக்கே கிடையாது.

அண்ணாச்சி அசரவில்லை. "எடை கூடுன பிள்ள எடை கொறஞ்ச பிள்ளைய அடிச்சா, அதெல்லாம் ஒரு ஜெயிப்பாம்மா?"

அது சுருக்கென்று தைத்தது. உட்காரும்படி பின்னாலிருந்து யாரோ என் துப்பட்டாவை இழுத்தார்கள். இத்தனை பேர் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து எப்சி எழுந்தாள். இரண்டு மாநிலத் தங்கம், அதனால் ரயில்வேயில் உத்தியோகம், மதுரையில் சொந்த வீடு. நேராக அண்ணாச்சியிடம் போய் மைக்கை வாங்கினாள்.

"அவ எடை கூடுனவ இல்ல. அவளும் நாப்பத்தெட்டுதான். நம்ம தராசுதான் தப்பு."

பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

ஆண்களுக்கு வெளியே ஒரு தராசு உண்டு. பெண்கள் அறைக்கு மட்டும், பேட்டையில் மூடிப்போன ஓர் அரிசிக் கடையிலிருந்து பெரிய முள் தராசு ஒன்றை சார் மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஏறித்தான் எட்டு வருடமும் எடை பார்த்தோம். எனக்கு எப்போதும் நாற்பத்தொன்பதரை காட்டும். சாப்பாட்டைக் குறைக்க எனக்கு மனசு வராது. ஐம்பத்தொன்றிலேயே ஆடிவிட்டுப் போகிறேன் என்று, போட்டி நாளிலும் ஆறு இட்லியைத் தின்றுவிட்டுத்தான் எடை போட ஏறுவேன். அங்கே என்ன எழுதினார்கள் என்று எட்டிப் பார்த்ததே இல்லை. பெண்கள் எடை போடும் அறைக்குள் சாரும் வர முடியாது.

எப்சி பார்த்திருக்கிறாள். "திருச்சியில மொத மாநிலப் போட்டி. ரெண்டு நாள் பட்டினி கெடந்து நம்ம தராசுல நாப்பத்தெட்டு காட்டிட்டுப் போனேன். அங்க நாப்பத்தாறரைன்னு எழுதுனாவ. அன்னைக்கே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல."

"ஏன் சொல்லல?" சார் எழுந்து வந்து கேட்டார்.

"மாவட்டத்துக்கு எடைக்கு ஒருத்திதானே சார் போக முடியும்? சொன்னா இவ நாப்பத்தெட்டுக்கு எறங்கிருவா. பொறவு நான் எங்க போக?"

கார்த்திகேசன் அண்ணாச்சிக்கு அத்தாட்சி வேண்டும். மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த தராசை நான்கு பேர் இழுத்து வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிய இருபத்தைந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டு, பிரிக்காமல் இருந்தன. ஏற்றினார்கள். முள் ஆடி ஆடி ஐம்பத்தொன்றரையில் நின்றது. அரிசிக் கடைக்காரன் ஊருக்குப் போட்ட நாமத்தில் என் பங்கு எட்டு வருடம்.

"தப்பு என்னோடது, முத்துராணி. எல்லாருக்கும் ஒரே தராசுதானேன்னு நெனச்சிட்டேன்" என்றார் சார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எப்சி என் முன்னால் வந்து நின்றாள். "மொத எடத்த நீ எடுத்துக்கோ."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "ஏட்டி, நீ குடுத்து நான் வாங்கணுமா? கையுறைய மாட்டு. மூணு சுத்து. ஜெயிச்சவ பேரு மேல."

எப்சி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சாலோமியிடம் கொடுத்தாள்.

நாற்பத்தெட்டு கிலோவின் தலைசிறந்தவள் யார் என்று தீர்மானிக்க, நூற்று முப்பது கிலோ மேடையேறியது. அதில் என் பங்கு அறுபத்திரண்டு. இரவல் கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சார்தான் நடுவர். அவர் தொடங்கச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் சுற்று அவளுடையது. கை நீளம் அவளுக்கு. என் நெற்றியில் நாலு வாங்கினேன். இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கியது, ஆனால் கால் பழையபடி நகர்ந்தது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் சுற்றில் அவள் வலது கை நீண்டு வந்தபோது குனிந்து உள்ளே நுழைந்தேன். விலாவுக்குக் கீழே இடது, நிமிரும்போது முகத்தில் வலது. எப்சி கயிற்றில் போய்ச் சாய்ந்தாள். சார் எட்டு வரை எண்ணினார். அவள் தலையை உதறிவிட்டுத் திரும்ப வந்தாள், பின்வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்று குத்தினோம்.

நித்யாவும் சாலோமியும், எங்களோடு பழகிய பேச்சிராஜும் தீர்ப்பாளர்கள். மூன்று பேரும் என் பக்கம். சார் என் கையை உயர்த்திப் பிடித்து இறக்கவே இல்லை. நான் அழுதேன். இப்போது அழுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பாய் ஏணியில் ஏறி, "1. முத்துராணி, பேட்டை" என்று சிவப்பில் எழுதினார். பட்டறைக்கு அனுப்ப நித்யா படம் எடுத்தாள். பெயருக்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு, பதக்கங்கள். பாய் திரும்பினார். "இதுல என்ன எழுத, தங்கச்சி?"

"ஒரு கோடு போட்டிருங்க பாய்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் சங்கடமாக.

"கோடு வேண்டாம். காலியாவே கெடக்கட்டும்" என்றேன். "பாக்கவங்க கேக்கட்டும், ஒரு பதக்கம்கூட இல்லாதவ எப்படி மொதல்ல வந்தான்னு."

"கேட்டா யாரும்மா பதில் சொல்ல?" என்றார் அண்ணாச்சி.

மூக்கில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எப்சி எழுந்து நின்றாள்.

"நான் சொல்லுதேன்."