நின்ற பிறகு வந்தது

பள்ளி வேன் ஓட்டும் அவளை எல்லோரும் ‘ஹாரன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரனைத் தொடவே மாட்டாள். அவள் குரலுக்கே தெரு ஒதுங்கிவிடும்.

மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் உள்ளாடையில் ரத்தக்கறை. கூடவே வசித்த நாத்தனாரிடம், “வயசு திரும்புது போல. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத, தலைகால் புரியாம ஆடுவாரு” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு கணவனோடு சேரும்போதெல்லாம் ரத்தம் வந்தது. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்த அவனும் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இடுப்பு வலித்தது. வேன் ஓட்டினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தாள். வெள்ளைப்படுதல் நாற்றமெடுக்கவும், இருக்கையில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். முன் வரிசைச் சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்த அன்று, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மருத்துவமனைக்கு வேனை விட்டாள்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த முடிவைக் கேட்கக் கணவனும் வந்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. சுற்றிலும் பரவிவிட்டதால் ஆபரேஷன் பலன் தராது, கதிர்வீச்சும் மருந்தும்தான்.

“எதனால டாக்டர்?”

“ஒரு வைரஸ்மா. உடலுறவு மூலமாத் தொத்தும். நிறைய பேருக்கு வந்து தானாப் போயிடும். சிலருக்கு மட்டும் உள்ளயே தங்கி, பல வருஷம் கழிச்சு இப்படி ஆகும். முன்னாடியே சின்னதா ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா, இவ்வளவு தூரம் வராமத் தடுத்திருக்கலாம்.”

“யாருகிட்ட இருந்து வந்திருக்கும்?” என்றான் கணவன்.

“அதைக் கண்டுபிடிக்க முடியாதுங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு அவள்மேல் சந்தேகம், அவளுக்கு அவன்மேல்.

கதிர்வீச்சு குடலைக் கலக்கியது. பாதிப் பொழுது கழிவறையிலேயே போனது. கருப்பை வாய்க்குள்ளேயே கருவி வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒருவழியாக ரத்தம் நின்றது. மறுபடியும் வேனை எடுத்தாள். அடுத்து ஒரு கால் வீங்கியது. நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்றார்கள்.

“நீயாவது போய் டெஸ்ட் எடுத்துக்க” என்று நாத்தனாரை விரட்டினாள்.

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே அண்ணி.”

“நானும் அப்படித்தான்டி நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

நாத்தனார் போனாள். முடிவு வந்ததும் கட்டிலருகே குற்றம் செய்தவள்போல நின்று, “எல்லாம் சரியா இருக்காம், அண்ணி” என்றாள்.

“நல்லது.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள்கள் குலுங்கின. நாத்தனார் தொடப் போனாள், கையைத் தட்டிவிட்டாள்.

நாத்தனார் வெளியே போனதும் கணவன் உள்ளே வந்தான். வலி மருந்தில் அவள் கண் செருகிக் கிடந்தது. வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்” என்றான்.

அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.