தலைவர் வண்டியில் சீட் நகர்ந்த கதை

“சீட் நகர்ந்திருக்கு! மறுபடியும் நகர்ந்திருக்கு!”

வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து தலைவர் போட்ட கூச்சல் வீட்டின் கடைசி அறை வரைக்கும் கேட்டது. அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தினாள். யாருடைய கால்சட்டையோ, அதன் இரண்டு காலையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டு வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

தலைவர் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹனாமுரா கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குத்தான் தலைவர். இதுவரை மூன்று கார் வாங்கியிருக்கிறார், மூன்றும் ஹனாமுரா. பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்துபோகும், அந்த ஜப்பான் கம்பெனியின் பிறந்தநாள் மட்டும் மறக்காது. அன்றைக்கு வண்டிக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவார்.

கம்பெனியின் வரலாற்றை அவர் சொல்லக் கேட்காத விருந்தாளி கிடையாது. ஹனாமுராவை ஆரம்பித்த மனிதர் முதலில் கார் செய்யவில்லை, முடிதிருத்தும் கடைகளுக்கு நாற்காலி செய்துகொண்டிருந்தார். கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது நாற்காலி நூலளவு அசைந்தாலும் ஆள் காலி, அதனால் அவர் நாற்காலி அசையவே அசையாது. போர் முடிந்து, முடிவெட்டக்கூட ஜனங்களிடம் காசில்லாத காலத்தில், விற்காமல் கிடந்த நாற்காலி ஒன்றை மூன்று சக்கரத்தின் மேல் பூட்டி, ஒரு குட்டி மோட்டாரையும் மாட்டி மீன்காரர்களுக்கு விற்றார். அதுதான் முதல் ஹனாமுரா. “இன்ஜின் எவன் வேணும்னாலும் செய்வான். சீட்டு? அது ஹனாமுராக்காரன் செஞ்சாதான் சீட்டு” என்று முடிப்பார் தலைவர்.

அப்பேர்ப்பட்ட சீட் நகர்ந்தால் மனிதர் சும்மா இருப்பாரா?

நகர்த்தியது அவர் மனைவிதான். காலையில் தலைவர் பூங்காவுக்கு நடக்கப் போனதும், டிரைவிங் ஸ்கூல் டீச்சர் தெருமுனையில் வந்து நிற்பாள். இவள் சாவியை எடுத்துக்கொண்டு, குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, வண்டியில் ஏறுவாள். தலைவர் நெட்டைக்கொக்கு, இவள் அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்து, கடகடவென்று முன்னால் தள்ளினால்தான் கால் பெடலுக்கு எட்டும். திரும்பி வந்ததும் பின்னால் தள்ளி வைப்பாள். ஆனால் அவர் முழங்கால் எங்கே வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சீட் ஓடும் தண்டவாளத்தில் ஒரு நாள் ஒரு பல் முன்னால் நிற்கும், இன்னொரு நாள் ஒரு பல் பின்னால் போய்விடும்.

கேட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளக் கூடாதா? கேட்டாளே! “உனக்குக் கால் எட்டாது” என்று சிரித்தார். காலமெல்லாம் மெஷின் மிதித்த கால், எட்டாதாம். அதே மாதிரிதான் பக்கத்து சீட் விஷயமும். வண்டி வாங்கி இரண்டாம் வருஷமே, “என்னங்க, நான் உட்கார்ற சீட்டு ஆடுதுங்க” என்று சொன்னாள். “உட்கார்றவங்க ஆடினா சீட்டும் ஆடும்” என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார். அதற்குப் பிறகு வளைவு வந்தால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதற்கு அவளே பழகிவிட்டாள்.

இவ்வளவு திருட்டுத்தனமும் மகளுக்காக. மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறாரோ. மகள் மட்டும் மலைமேல், அவள் வேலை பார்க்கும் தோட்டத்து அலுவலகம் கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். இங்கே வந்து இரு என்றால், கடைசி வாரம் வரைக்கும் வேலைக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அங்கே பஸ் கிடையாது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தலைவரும் வண்டி எடுப்பதில்லை. “வண்டிக்கு ரெஸ்ட் வேணும்” என்பார். வண்டிக்கு என்ன ரெஸ்ட்? போன மழைக்கு, நன்றாக ஓட்டிக்கொண்டு வந்தவர் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் உரசினார். “சுவரை ரோட்டுல கட்டி வச்சிருக்கான் பாரு” என்று திட்டினார். சுவர் அவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறது. அவருக்குக் கண் மங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார் என்பதும் தெரியும். இதற்கு நடுவில் மகளுக்கு வலி வந்தால் யார் போவது? அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து போனைத் தேடி வருவாள், அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும்.

லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆகியும் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சாவி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா?

தலைவர் அன்றைக்கே சங்கத்தின் போன் குழுவில் எழுதினார்: “உறுப்பினர்கள் கவனத்துக்கு. என் வண்டியில் ஓட்டுநர் இருக்கை தானாக நகர்கிறது. வேறு யாருக்காவது இப்படி உண்டா?”

சாப்பாட்டு நேரத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. பல் டாக்டர் எனக்கும் என்றார். பேக்கரிக்காரர் எனக்கும் என்றார். இன்னும் ஏழெட்டுப் பேர், எங்களுக்கும், எங்களுக்கும். தலைவர் முகம் சிவந்துவிட்டது. கம்பெனிக்குக் காரசாரமாக எழுதினார். கம்பெனி ஆடிப்போய், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியரையே அனுப்பி வைத்தது. அவள் பாடுதான் திண்டாட்டம். தன் வண்டியில் சீட் நகர்ந்ததற்குத் தான் காரணம், சரி. மற்றவர்கள் சீட்டை எந்தப் பேய் நகர்த்துகிறது?

ஹனாமுரா ஷோரூமில், சர்வீஸ் கொட்டகைக்குப் பக்கத்து ஹாலில் கூட்டம். மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போனை மடியில் வைப்பாள், எடுப்பாள், மணி அடிக்குமா என்று பார்ப்பாள், மறுபடி வைப்பாள்.

முதலில் தலைவர் நாற்காலிக் கதையைச் சொன்னார். அடுத்து உறுப்பினர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள்.

“நான் வீட்டை மூணு தடவை மாத்தினேன், வண்டிய மாத்தல” என்றார் பல் டாக்டர். “ஹாரன் மட்டும் தும்மல் போடுற மாதிரி இருக்கும். எவனும் வழி விடமாட்டான்.”

“ஏசி பெருமூச்சு விடும், காத்து வராது” என்றார் பேக்கரிக்காரர். “ஆனா ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு நாள் கிடையாது. என் தம்பி பெருமைக்கு வேற கம்பெனி வாங்கினான். பாதி நாள் என் வண்டியிலதான் வர்றான்.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இன்ஜினியர் எழுந்தான். சின்ன வயசு, பயந்த குரல். “எல்லா வண்டியையும் கழட்டிப் பார்த்துட்டேன் சார். டிரைவர் சீட்டுல ஒரு குறையும் இல்ல. கையால இழுத்தாதான் நகரும். வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா?”

“என் வீட்டுலயா?” தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானும் என் வீட்டம்மாவும்தான். அவளுக்கு சைக்கிள்கூட வராது தம்பி.”

மற்ற ஆண்களும் அதையேதான் சொன்னார்கள். எங்க வீட்ல யாரும் தொடமாட்டாங்க. அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தலைவரின் மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பல் டாக்டரின் மனைவி கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரரின் அம்மா, அறுபது வயசுக்காரி, மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாவிகளா, என்று இவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

“அம்மா, பனிக்குடம் உடைஞ்சிடுச்சும்மா. ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குப் போயிருக்காம், எப்ப வரும்னு தெரியலையாம். பக்கத்து வீட்ல ஒரு அம்மா கூட இருக்காங்க. சீக்கிரம் வாம்மா.”

தலைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சர்வீஸ் கொட்டகைக்கு ஓடினாள். வண்டி அங்கேதான் நின்றது. வெளியே மழை கொட்டியது, நாலு மணிக்கே விளக்கு போடுகிற மாதிரி இருட்டு. தலைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைத் திறக்கவில்லை.

“மழை கொஞ்சம் விடட்டும். ஒரு பத்து நிமிஷம்.”

“நீங்க நிக்கிறது மழைக்கு இல்லைங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சங்கமே வந்து நின்றுகொண்டிருந்தது.

“சாவியக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கன்னு சொல்றேன்ல!”

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. சாவி கை மாறியது. அவள் ஏறி உட்கார்ந்தாள், குனிந்து கம்பியை இழுத்தாள். கடகடகடவென்று சீட் முன்னால் நகர்ந்த சத்தம் தகரக் கூரைக்குக் கீழே எல்லோருக்கும் கேட்டது. இன்ஜினியர் தன் லேப்டாப்பை மூடினான்.

“அக்கா, வைப்பரை வேகமா வைங்க! முன்னாடி போறவன ஒட்டாம போங்க!” என்று கத்தினாள் பல் டாக்டரின் மனைவி. பல் டாக்டர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“ஏறுறீங்களா, நான் போகட்டுமா?” என்று இவள் கேட்டாள். தலைவர் சுற்றிவந்து, பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.

ஊர் தாண்டும் வரை அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். “கியர், கியர்” என்று ஒரு தடவை முனகினார். “பேசாம வாங்க” என்றாள். அவளுக்கும் உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பயம் இல்லாமல் இல்லை. பயப்பட நேரம் இல்லை, அவ்வளவுதான்.

“எப்பக் கத்துக்கிட்ட?”

“நீங்க பூங்காவச் சுத்தும்போது.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா சாவியத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்குவீங்க. பொண்ணு அங்க தனியா இருக்கா, எனக்குப் பயம். உங்க கண்ண நினைச்சா அதைவிடப் பயம்.”

வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. பாலம் வந்தது. அவள் வேகத்தைக் குறைத்துச் சுவரை ஒட்டாமல் தாண்டினாள்.

“அன்னிக்கு இந்தச் சுவர்…” என்றார் தலைவர். “சுவர் இருந்ததே எனக்குத் தெரியலம்மா.”

அவள் ஒரு கையால் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவசரமாகக் கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோனாள். மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் வளைவில் தலைவர் கதவுப் பக்கம் சாய்ந்தார். இரண்டாவது வளைவில் இவள் பக்கம் சாய்ந்தார். மூன்றாவதில் தலை கண்ணாடியில் இடித்தது.

“என்ன இது! இந்த சீட்டு ஆடுது!”

“உட்கார்றவங்க ஆடினா சீட்டும் ஆடும்” என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த வளைவில் அவர் கதவுக் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். பிடிக்கிற இடத்தில் மட்டும் அது தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மகளின் வீட்டுக்குப் போய், அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு மலையிறங்கினார்கள். வலிக்கு நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்தவள், “அப்பா ஏன் அங்க உட்கார்ந்திருக்காரு?” என்று கேட்டாள். “நீ மூச்சை விடு, பேசாதே” என்றாள் அம்மா. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினாள். மகளை உள்ளே கொண்டுபோகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கில் தலை வைத்து ஓவென்று அழுதாள். தலைவர் குடை பிடித்துக்கொண்டு கதவோரத்திலேயே நின்றார்.

விடிந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த தலைவர் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார், கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எழுதி முடித்து அவளிடம் நீட்டினார்.

“சரியா இருக்கா பாரு. எனக்கு எழுத்து சரியாத் தெரியல.”

அவள் வாங்கிப் படித்தாள்.

“உறுப்பினர்கள் கவனத்துக்கு. ஓட்டுநர் இருக்கையில் எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் வீட்டில் என் மனைவி நன்றாக ஓட்டுகிறார். உங்கள் வீட்டிலும் விசாரித்துக்கொள்ளவும். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். புதிய புகார்: பக்கத்து இருக்கை ஆடுகிறது. பல வருடங்களாக ஆடுகிறதாம். நேற்றுதான் நான் முதல் தடவை அதில் உட்கார்ந்தேன்.”