மிஷின் மாப்பிள்ளை

"உங்க மாப்பிள்ளையைக் குளிப்பாட்டக் கிளம்பிட்டீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தண்ணீர் லாரி டிரைவர் நிமிரவில்லை. மனைவியின் மடியில் ஏழு வயது மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து நரம்பு புடைத்தது.

மாப்பிள்ளை என்று மனைவி சொன்னது காற்றை அளக்கிற மிஷினை. ஊர் நடுவே அரசாங்க அலுவலக வாசலில், கம்பி வேலிக்குள் அது நிற்கிறது. காற்றில் எவ்வளவு தூசு என்று அது காட்டுகிற எண்தான் தலைநகரத்துக்குப் போகும். எண் எகிறினால் சிமென்ட் ஆலையை மூட வேண்டும் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆலையின் புகையை அடக்குவது பெரிய வேலை. மிஷினைச் சுற்றித் தண்ணீர் அடிப்பது சின்ன வேலை. பெரியவர்கள் கூடிப் பேசிச் சின்ன வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த வேலைதான் டிரைவருக்குச் சோறு போட்டது. ஆலைக்குப் பின்னால் இருக்கும் அவன் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் அடித்ததில்லை. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுக்க வேண்டும்.

"அந்த மிஷினை நம்ம தெருவுல வைக்கச் சொல்லுங்களேன். அதைச் சாக்கிட்டு நமக்கும் தண்ணி அடிப்பாங்க."

"கேட்டுட்டேன். உங்க தெருவுல வச்சா ஊர் மானம் போயிடும்னு அதிகாரி சிரிக்கிறாரு."

"இவ உசுரு போனா பரவாயில்லையா?"

அவன் மகளைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டான். "நீயும் வா. மாப்பிள்ளை வீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்."

வேலியைச் சுற்றி அவன் தண்ணீர் அடிக்க அடிக்கத் தரை குளிர்ந்தது. ஓரமாக அம்மா மடியில் சாய்ந்திருந்த மகளுக்கு இழுப்பு மெல்லத் தணிந்தது.

"அப்பா, மிஷினுக்கும் மூச்சு வாங்குமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அதிகாரி வெளியே ஓடிவந்தார்.

"யோவ், யாரு இவங்க? மத்தியானம் மந்திரி வர்றாருய்யா, சுத்தமான ஊருன்னு விருது குடுக்க! ஆள் நடமாடினா தூசு கிளம்பும்ல? மிஷின் பக்கத்துல ஒருத்தரும் மூச்சுகூட விடக்கூடாது. கிளப்பு!"

டிரைவர் குழாயை மூடினான். "கிளப்பிடறேன் சார்."

மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு லாரியைக் கிளப்பினான். "எங்கய்யா போற? இன்னும் பாதி அடிக்கலையே!" என்று அதிகாரி பின்னாலேயே ஓடிவந்தார். லாரி நிற்கவில்லை.

தன் தெருமுனையில் வந்துதான் குழாயைத் திறந்தான். சட்டைப் பையில் செல்போன் விடாமல் அடித்தது. நாளைக்கு இந்த லாரி தன் கையில் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். போன் அடித்துவிட்டுப் போகட்டும் என்று கூரைகளையும் சுவர்களையும் நனைத்துக்கொண்டே போனான்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து வாய்பிளந்து நின்றாள். "என்னடி இது, மிஷினை நம்ம தெருவுக்கு மாத்திட்டாங்களா?"

மனைவி ஈர முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"இல்லக்கா. அது அங்கேயேதான் நிக்குது. மூச்சு விடுறவங்க இங்கதானே இருக்கோம்."