எழுபத்திரண்டில் ஒரு மூச்சு

“டிரம்முல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல, மைன்ஸ்ல மண்ணு வெட்டுற ராட்சச மெஷினக் கொண்டாந்து நிறுத்துற அளவுக்கு எடம் வுட்டவன்யா நான். அதுவும் வேகத்த ஒரு இம்மி குறைக்காம!”

டீக்கடையில் அமிர்தநாதன் இப்படிச் சொன்னதும் பெஞ்சில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆளுக்குப் புரையேறியது. செங்குட்டுவன் மட்டும் சிரிக்கவில்லை. “பொய்யி,” என்றார். சம்பவம் நடந்த அறையில் பேஸ் கிட்டார் வாசித்தவரே அவர்தான். அவரே பொய் என்றால் நெய்வேலி எப்படி நம்பும்?

அவர்கள் மூன்று பேர். சைமன்ராஜ் சாக்ஸபோன், செங்குட்டுவன் கிட்டார், அமிர்தநாதன் டிரம். மூவரும் நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள். உலகத்திலேயே லுங்கி கட்டிக்கொண்டு ஜாஸ் வாசித்த ஒரே குழு நாங்கள்தான் என்பார் அமிர்தநாதன். மறுக்க ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

சம்பவம் நடந்த சமயம், சைமன்ராஜின் நுரையீரல் தேங்காய் நாராகிவிட்டிருந்தது. இனி ஊதவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். புதன்கிழமை ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. போனால் திரும்பப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள், தானே கட்டிய நாலு வரி மெட்டை ஒரே ஒரு தடவை கடைசிவரை ஊதிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. இரண்டு மாதமாக, ஞாயிறு தவறாமல், மூன்றாவது வரியில் மூச்சு அறுந்துகொண்டிருந்தது.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நீளமான சுரங்கள் இன்னும் நீண்டு ஆளையே விழுங்கின. கூட்டிப் பார்த்தார்கள். மூச்செடுக்க நேரமில்லை. கடைசியில் செங்குட்டுவன், செல்போனில் டிக் டிக்கென்று தாளம் தட்டும் ஆப்பை வைத்து, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு அடி என்று தீர்ப்புச் சொன்னார். நிலக்கரியின் ஈரத்தை அளக்கும் லேபில் காலம் தள்ளியவர். எண்ணில் வராத எதுவும் அவருக்கு உலகத்தில் இல்லை.

“நம்பர் சரியாத்தான்டா இருக்கு. உன் மூச்சுதான் சரியில்ல.”

“அது தெரிஞ்சிதான புதன்கிழமை கெளம்புறேன்,” என்றார் சைமன்ராஜ். “வேகம் வேற, நடை வேற குட்டுவா. சேத்தியாத்தோப்புக்கு ரெண்டு பஸ்ஸு, ரெண்டும் அறுபதுலதான் போவுது. ஒண்ணுல தூங்கிக்கினு போலாம். இன்னொண்ணுல உசுரக் கையில புடிச்சிக்கினு போவணும். ஜாஸ்ல அடிய சரிபாதியா வெட்டக் கூடாதுடா. முன்பாதி நீளம், பின்பாதி குட்டை. கொஞ்சம் நொண்டிக்கினு, சாவகாசமா வந்து உக்காரணும்.”

கடைசி ஞாயிறு, மதியம் மூன்று மணி. சைமன்ராஜின் வீட்டு முன்னறை. முதல் தடவை அறுந்தது. இரண்டாம் தடவையும் அதே இடத்தில் அறுந்தது. மனைவி டெய்சி அவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தாள். எண்பத்திநாலு. தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும்.

“அமிர்தண்ணே, நீங்க அவர முந்திக்கினு அடிக்கிறீங்க. பின்னாடி நாய் தொரத்துற மாதிரி ஓடுறாரு மனுஷன்.”

“என்னம்மா சொல்ற? முப்பத்திநாலு வருஷம் கரி போற கன்வேயர் பெல்ட்டு ஓட்டினவன் நான். கரி வந்து வுழறதுக்கு முன்னாடியே அடுத்த பெல்ட்டு ஓடிக்கினு...”

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் தன் கையைப் பார்த்தார். கரி விழுமுன் அடுத்த பெல்ட் ஓட வேண்டும், இல்லையென்றால் குவிந்துவிடும். முப்பத்திநாலு வருஷம் முந்தியே பழகிய கை, டிரம்மிலும் ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை முந்திக்கொண்டிருந்தது. எல்லா அடியும் ஒரே அளவு முந்தியதால் செல்போனின் கணக்கில் பிசகே தெரியவில்லை.

ஆனால் பெல்ட்டை நிறுத்தும்போது முறை தலைகீழ். கரி போடுகிற பெல்ட்தான் முதலில் நிற்கும். வாங்குகிற பெல்ட் கடைசிக் கட்டி போகும்வரை காத்திருக்கும்.

“சைமன்,” என்றார் அமிர்தநாதன். “இன்னிக்கு ஷட்டவுன். உன் சுரம் முதல்ல வுழட்டும். நான் பின்னால வாங்கிக்கிறேன். குட்டுவா, எண்ணிக்கைய நீ வுடாத.”

மூன்றாவது வரி வந்தது. சைமன்ராஜின் தோள் ஏறியது. அமிர்தநாதன் குச்சிக்குப் பதில் பிடித்திருந்த கம்பி பிரஷ் டிரம்மின் மேல் அந்தரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் மூன்று ஷிப்ட் ஆட்களும் வீட்டுக்குப் போய், குளித்து, கறிச்சோறு தின்று, தூங்கி எழுந்திருக்கலாம். செல்போன் அதன் பாட்டுக்கு எழுபத்திரண்டிலேயே டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பிரஷ் இறங்கியது. நாலாவது வரி வந்தது. கடைசிச் சுரம் கிழிந்த துணி மாதிரி வந்தது, ஆனால் வந்தது.

டெய்சி மீட்டரைப் பார்த்தாள். எண்ணைச் சொல்லாமல் சாக்ஸபோனைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை போனார்கள். பத்தொன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது.

“பொய்யின்னு சொல்றியே, நீயும்தான அங்க இருந்த?” என்று டீக்கடைக்காரர் செங்குட்டுவனைச் சீண்டினார்.

“எழுபத்திரண்டுல ஏதுய்யா எடம்? அப்படி ஒண்ணு இருந்துச்சின்னா...” செங்குட்டுவனின் கையில் டீ ஆடை கட்டிப் போயிருந்தது. “இருந்துச்சின்னா, ரெண்டு மாசமும் அவனுக்கு அதக் குடுத்திருக்கலாமேய்யா. நம்பர் சரி, நம்பர் சரின்னு நான்தான...”

அமிர்தநாதன் அந்த ஆறிய கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

“இருந்துச்சி,” என்றார் செங்குட்டுவன். “போனையே பாத்துக்கினு இருந்தேன், மாறவே இல்ல. சைமன் நின்னு நிதானமா மூச்சு எடுத்தான். நடந்துச்சிய்யா.”