வாயின் மேல் ஒரு கோடு

பியற்றிஸ் அக்காவை ஊரில் பாண்ட் வாத்தியம் இல்லாமல் அடக்கம் செய்துவிட்டார்கள் என்ற செய்தி லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தபோது, அவவின் புருஷன் கஸ்பர் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரடங்காம். நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனார்களாம். அண்ணை வெங்காயத்தை வெட்டி முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினார்.

பாசையூரில் யார் செத்தாலும் சேமக்காலைக் குழி வரைக்கும் முன்னால் ட்ரம்பெட் ஊதிக்கொண்டு போனவர் அவர். என் ஐயாவின் பெட்டிக்குப் பின்னால் நானும் அந்த ஊதலுக்குத்தான் கால் வைத்து நடந்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கொழும்பில் வாயில் விழுந்த பொல்லடியோடு முன்பற்கள் போயின. பிறகு அவர் ஊதவில்லை. லண்டனில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார்.

"முப்பத்தோராம் நாள் பூசையில நான் ஊதப்போறன்," என்றார். "ஊருக்கெல்லாம் ஊதினனான். அவளை ஒரு சத்தமில்லாமல் விடேலாது."

ட்ரம்பெட் ஒன்று இரவலாகக் கிடைத்தது. ஊதினால் காற்றுத்தான் வந்தது. பல்லுச் செட் உள்ளுக்குள் ஆடியது. உதட்டை எங்கே வைப்பது என்பதே மறந்துபோயிற்று என்றார். கேட்டுப் பழகவும் ஆளில்லை.

அப்போதுதான் அந்தப் படங்கள் வந்தன. மத்தியான நேரங்களில் டிவியில் பழைய ஹொலிவூட் பாட்டுப் படங்கள் போகும். கட்டிட வேலையில் முதுகு பிடித்து நான் வீட்டில் கிடந்த காலம் அது. நாற்பது வயதில் கவுன்சில் வகுப்பில் இங்கிலிஷ் எழுத்துப் படித்தவன் நான். பேப்பரில் எழுத்துக் கூட்டி அந்தப் படங்களைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பாயிற்று.

கதை எங்களுக்கு விளங்கவுமில்லை, தேவைப்படவுமில்லை. பணக்காரப் பெட்டை ஒருத்தி, ஒரு ஹோட்டல், படிக்கட்டில் ஆட்டம். நடுவில் கறுப்பு வாத்தியக்காரர் வருவார்கள். கோட்டுச் சூட்டு, மினுங்கும் சப்பாத்து. ட்ரம்பெட்காரன் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துவிட்டு ஊதத் தொடங்கினால், எங்கள் ஈரச் சுவர் அறைக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல இருக்கும். அந்த ஒரு பாட்டுத்தான். பிறகு கடைசிவரை அவனைக் காட்டமாட்டார்கள். அவன் எங்கே போனான் என்று அந்தப் படத்தில் ஒருத்தரும் கேட்பதில்லை.

இரவல் வீடியோ மெஷினில் அந்த இடங்களைப் பதிந்து வைத்தேன். ட்ரம்பெட்காரனின் முகம் கிட்ட வரும்போது அண்ணை நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால் படம் நடுங்கும். வெள்ளைக் கோடு ஒன்று சரியாக வாயின் மேலே வந்து விழும். திரும்ப ஓட்டி நிறுத்துவேன். திரும்பவும் கோடு. அண்ணை முழங்காலில் நின்று டிவிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்ப்பார்.

எங்களோடு இருந்த சிவானந்தன் பெட்ரோல் செட்டில் வேலை முடித்து வருவான். "அண்ணை டிவியைக் கொஞ்சிற அளவுக்கு வந்திட்டார்," என்பான்.

"கொஞ்சினால் உனக்கென்ன? அவன் என்ர தொழில்காரன்."

ஒருநாள் சிவானந்தன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "அண்ணை, உவன் உதில ஊதேல்லை. எங்கட படங்களைப் போலத்தான். சத்தத்தை முதலே பதிஞ்சுபோட்டு, பிறகு வாயை வைச்சுக் காட்டுறது."

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. "வேர்வையைப் பாரடா," என்றார். கொஞ்சம் பொறுத்து என்னிடம், "இன்னொருக்கா ஓட்டு," என்றார்.

முப்பத்தோராம் நாள், சேர்ச்சில் பூசை முடிந்ததும் சுவாமியார் தலையசைத்தார். அண்ணை எழுந்து ட்ரம்பெட்டை உயர்த்தினார். உதட்டை வைத்த விதம் அப்படியே படத்தில் கண்டதுதான். துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு காற்று. மறுபடியும் முயன்றார். பல்லுச் செட் நழுவ, கையால் வாயைப் பொத்தினார். முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர்த் தவமலர் அக்கா மெல்லச் செபத்தைத் தொடங்கினா. எல்லாரும் ஆறுதலோடு சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு தேத்தண்ணி, றோல்ஸ், பிள்ளைகளின் சத்தம். அண்ணையின் பக்கம் ஒருவரும் போகவில்லை, வெட்கப்படுவார் என்று.

அடுத்த கிழமை டிவியில் வேறொரு படம் போனது. போடுவதா விடுவதா என்று தெரியாமல் போட்டேன். பல்லுச் செட்டைக் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் வைத்துவிட்டு அண்ணை வந்து இருந்தார்.

"சத்தத்தைக் குறைச்சுப்போடு," என்றார். "அவனும் ஊதேல்லையெண்டால் பிறகென்ன."

முழுதாகக் குறைத்தேன். திரையில் வாத்தியக்காரர் சிரித்துச் சிரித்து ஊதினார்கள். பெட்டைகள் சுழன்று ஆடினார்கள். கதிரையின் கைப்பிடியில் ட்ரம்பெட் கட்டைகளை அழுத்தும் அண்ணையின் மூன்று விரல்களும் அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. படத்துக்கு அவை பொருந்தவில்லை. மிக மெதுவாகப் போயின. ஒன்று அழுந்தி நின்று, பொறுத்து, அடுத்தது.

ஐயாவின் பெட்டிக்குப் பின்னால் நடந்த அந்த நடை எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். விரல்கள் ஓயும்வரை உட்காரவில்லை.