ஆனந்தவள்ளி போட்ட மார்க்

முப்பத்தொரு வருஷம் காவல் நிலையத்தில் ரைட்டர் ஏட்டாக இருந்தவர் இசக்கிதுரை. ஸ்டேஷனில் ஒருவன் தும்மினாலும் நாட்குறிப்பில் ஏறிவிட வேண்டும் என்பார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும் சட்டைப்பையில் பேனா இல்லாமல் வாசல் இறங்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் எழுதிக் கொண்டுபோன தாளை, மகள் வயதுள்ள ஒரு பெண் மேஜையில் திருப்பி வைத்து, "சார், இத யாரு எழுதுனது?" என்று கேட்டுவிட்டாள்.

இடம், தென்காசி அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. கேட்டவள் அங்கே ஆலோசகராக இருக்கும் நிலோபர். பக்கத்து நாற்காலியில் இசக்கிதுரையின் மனைவி ஆனந்தவள்ளி, முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"நாந்தான் எழுதுனேன். அவ எழுத்து ஒருத்தருக்கும் புரியாது."

"மார்க்கும் நீங்கதான் போட்டீங்களா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதாம்மா? எத்தன பேரு மூஞ்சியப் பாத்திருக்கேன்."

நிலோபர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். பொறுமையை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது.

ஆனந்தவள்ளி படுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சாப்பிடச் சொன்னால் பாதி இட்லி சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். காரணம் என்ன என்று இசக்கிதுரை ஒரு மாதம் விசாரணை நடத்தினார். மகள் உமா மகேஸ்வரி கோயம்புத்தூரில் நன்றாக இருந்தாள். கடன் இல்லை, சண்டை இல்லை. காரணம் இல்லாமல் ஒரு கேஸ் எப்படி நிற்கும் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. டாக்டர் மனச்சோர்வு என்று ஒரே சொல்லில் முடித்து, மாத்திரை எழுதி, நிலோபரிடம் அனுப்பினார்.

நிலோபர்தான் அந்தத் தாளைக் கொடுத்தாள். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், அப்போது மனசு எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க். "மனசு நல்லாகட்டும், அப்புறம் எந்திரிக்கலாம்னு காத்துக் கெடக்க வேண்டாம்க்கா. சின்னதா ஒண்ணு செய்ங்க. மனசு பொறத்தாலயே வரும். எதுல கொஞ்சம் ஏறுதுன்னு நாம பாப்போம்" என்றாள்.

தாளைக் கண்டதும் இசக்கிதுரைக்குத் தெம்பு வந்தது. இது தமக்குத் தெரிந்த வேலை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஐந்தரைக்கு எழுந்திருத்தல், ஆறுக்கு நடை, ஏழுக்குச் செடிக்குத் தண்ணீர் என்று ட்யூட்டி சீட்டுப் போட்டுச் சுவரில் ஒட்டினார். தினமும் கட்டிலருகே நின்று, "எந்திரிம்மா, நடக்கப் போகணும்லாம்மா" என்று மெல்லச் சொன்னார். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அவளை 'ஏட்டி' என்று தவிர அவர் கூப்பிட்டதில்லை. டாக்டர் வியாதியின் பேரைச் சொன்ன நாளிலிருந்துதான் குரல் இப்படி இறங்கியிருந்தது.

மார்க்கு முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் நான்கு, பிறகு ஐந்து என்று ஏறியது. மாதக் கடைசியில் ஸ்டேஷனிலிருந்து மேலே அனுப்பும் அறிக்கை எப்போதும் அப்படித்தான் ஏறும்.

"குற்றாலத்துல குளிச்சதுக்கு ஏழுன்னு இருக்கே அக்கா. நல்லா இருந்துச்சா?" என்றாள் நிலோபர்.

ஆனந்தவள்ளி நிமிர்ந்தாள். "நான் எங்கன குளிச்சேன்? இவுக தம்பி மந்திரமூர்த்தி குடும்பத்தோட சீசனுக்கு வந்தாக. அருவியில தலையக் குடுத்தா எல்லாக் கிறுக்கும் தெளிஞ்சிரும் மதினின்னு இழுத்துட்டுப் போனாக. அவுக எல்லாரும் குளிச்சாக. ஏழு பேரு துணிப்பையையும் பிடிச்சிக்கிட்டு நான் ஓரமா நின்னேன்."

"நீங்க எத்தன போடுவீங்க?"

"சைபரு."

மூன்று வாரத்தில் அவள் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அது. இசக்கிதுரைக்கு முகம் சிவந்தது. ஒரு நல்லது செய்யப்போய் பொய் ரிக்கார்டு எழுதியவன் மாதிரி உட்கார வைத்துவிட்டார்களே!

"இந்த வாரம் நீங்க தாளத் தொடக் கூடாது சார். அக்கா, ஒங்களுக்குன்னு ஒண்ணு செய்யணும்னா என்ன செய்வீங்க? யாரும் சொல்லாம, நீங்களா."

ஆனந்தவள்ளி முந்தானை நுனியை மறுபடி சுருட்டினாள். இசக்கிதுரை பதில் சொல்ல வாயெடுத்தார். நிலோபர் கையைக் காட்டி அடக்கினாள்.

"பார்டருக்குப் போயி பரோட்டா திங்கணும்" என்றாள் ஆனந்தவள்ளி. "ஒத்தையில."

கேரள எல்லைப் பக்கம், செங்கோட்டை போகிற வழியில் வரிசையாக இருக்கிற பரோட்டாக் கடைகளைத்தான் சொல்லுகிறாள்.

"வீட்டுல பாதி இட்லி எறங்க மாட்டேங்குது, இவளுக்குப் பரோட்டாவா? சரி, நான் வாங்கிட்டு வந்து தாரேன்."

"ஒத்தையிலன்னு சொன்னேன்."

"ஏட்டு பொண்டாட்டி ஒத்தையில கடையில ஒக்காந்து திங்குதான்னு ஊரு சிரிக்கவா?"

"சிரிக்கட்டும் சார்" என்றாள் நிலோபர். "நீங்க பொறத்தால போகக் கூடாது. பைக்கையும் எடுக்கக் கூடாது. ஒங்களுக்கு வேற வேல இருக்கு." வேறொரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் நாலு கட்டம்: நடந்தது, மனசில் வந்த நினைப்பு, அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம்.

"எனக்கு என்ன கேடு?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ அக்கா ரூமை எட்டிப் பாக்கீங்க?"

அவர் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சர்வீஸில் எத்தனையோ மரண விசாரணைக்கு அவர் கையால் எழுதியிருக்கிறார். 'தீராத வயிற்று வலியால் மனமுடைந்து' என்று ஒரு வரி வரும். வயிற்று வலி யாருக்கும் இருந்ததில்லை. "நல்லாத்தான சார் இருந்தா" என்று மேஜைக்கு எதிரே நின்றவர்களின் முகம்தான் எட்டு மாதமாக அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. அந்த வரியை இன்னொரு ரைட்டர் தம் வீட்டு விலாசத்தோடு எழுதுவான் என்ற பயத்தை அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

நிலோபர் குரலைத் தாழ்த்தவில்லை. "செத்துப் போகணும்னு தோணுதான்னு அக்காட்ட நேராவே கேட்டிருக்கேன் சார். இல்லன்னாங்க. தோணுனா ஒடனே யாருட்ட சொல்லணும்னும் பேசி வச்சிருக்கோம். அவங்க முன்னாலதான் சொல்லுதேன்."

ஆனந்தவள்ளி தலையை ஆட்டினாள். இந்தச் சின்னப் பெண் நேராகக் கேட்டுவிட்டதைத் தம்மால் எட்டு மாதமாகக் கேட்க முடியவில்லையே என்று அவருக்கு அதற்கும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆனந்தவள்ளி கிளம்பினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "ரெண்டு மணிக்கு வந்திருவேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். பொம்பளைகளுக்கு இலவச டவுன் பஸ், தெரு முனையிலேயே நிற்கும்.

இசக்கிதுரை தாளை எடுத்து உட்கார்ந்தார். நடந்தது: மனைவி பரோட்டா தின்னச் சென்றுள்ளார். நினைப்பு: அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பிறகு திரும்பி வந்து, 'வர மாட்டாள்' என்று எழுதினார். எழுதிய பிறகு அந்த இரண்டு சொல்லையும் பார்க்கப் பிடிக்காமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

ஆதாரம்: எட்டு மாதம் படுக்கை. வேறு ஒன்றும் எழுத வரவில்லை. இது ஆதாரமா சந்தேகமா என்று அந்தப் பெண் கேட்பாள்.

எதிர் ஆதாரம்: போகுமுன் பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்திருக்கிறாள். நனையக் கூடாது என்று குடை எடுத்திருக்கிறாள். கறிவேப்பிலை வாங்கணுமா என்று கேட்டாள்.

மூன்று இருந்தது. கோர்ட்டில் நிற்கும். ஆனாலும் மனசு நிற்கவில்லை.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகாலுக்குப் போன் போட்டார். உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் சார்ஜில் கிடந்து அது பாடியது. "போனையுமா வச்சிட்டுப் போவா ஒரு மனுஷி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டரைக்குப் பைக்கை வெளியே தள்ளினார். பொறத்தால போகக் கூடாது என்று நிலோபர் சொன்னது ஞாபகம் வந்து உள்ளே தள்ளினார். இன்னும் இரண்டு தடவை தள்ளி எடுத்து, இரண்டு தடவை உள்ளே விட்டார்.

மூன்று இருபதுக்கு, குடையை மடக்கிக்கொண்டு ஆனந்தவள்ளி தெருவில் திரும்பினாள். கையில் ஒரு பார்சல்.

வாசலிலேயே அவர் வெடித்தார்.

"ஏட்டி! மணி என்னன்னு தெரியுமா ஒனக்கு? ரெண்டுன்னா ரெண்டுக்கு வர வேண்டாமா? போனு எதுக்குட்டி வாங்கிக் குடுத்தேன், கட்டிலுக்கடியில கெடக்கவா? நான் ஒரு மனுஷன் இங்கன கெடந்து சாவுதேன், நீ ஆடி அசஞ்சு வாரே!"

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அதற்கும் சேர்த்துக் கத்தினார்.

"சீசன் கூட்டம். ரெண்டு பஸ்ஸுல ஏற முடியல" என்றாள் ஆனந்தவள்ளி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போனாள். தன் தாளை எடுத்து, மேஜையில் கிடந்த பென்சிலால் நின்றவாக்கிலேயே எழுதினாள்.

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். 'பார்டர் போனேன். 3.'

"மூணா? இவ்வளவு பாடும் மூணுக்கா?"

"சால்னா ஒரே காரம். எடம் பிடிச்சு ஒக்காரவே அர மணி நேரம் ஆச்சு. மூணுதான் வந்துச்சு. நீங்க பாட்டுக்கு ஏழு போடுவீக, என்னால முடியாது."

இன்னொரு வரி எழுதினாள். 'வாசலில் இவுக சத்தம் போட்டாக. 4.'

இசக்கிதுரை கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி படித்தார். "நாலா? திங்கப் போனதுக்கு மூணு, நான் கத்துனதுக்கு நாலா? ஒனக்கு என்ன கிறுக்கா..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கிறுக்கச்சின்னு சொல்ல வந்தீகள்லா? சொல்லித் தொலைங்க. இத்தன நாளா எந்திரிம்மா, சாப்பிடும்மான்னு யாரோ கம்பவுண்டர் வீட்டுல இருக்க மாதிரில்லா இருந்துச்சு."

அவளுடைய ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வைத்தவர், தம் குரலை ஒரு நாள்கூடக் குறித்ததில்லை.

"ஒங்களுக்கும் ரெண்டு வாங்கிட்டு வந்தேன்" என்று பார்சலைப் பிரித்தாள். "ஆறிப்போச்சு. சுட வைக்கணும்."

"நீ ஒக்காரு, அலைஞ்சு வந்திருக்க. நான் வைக்கேன். ஏட்டி, ஒக்காருன்னா ஒக்காரேன்!"

அவள் உட்காரவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. இதற்கு அவள் எத்தனை போடுவாள் என்று தெரியாமல் அவருக்குக் கை அரித்தது. பென்சில் அவள் தாளின்மேல் கிடந்தது. அவர் தொடவில்லை.