பதில் கண்டபின்

மலர்ச்சாலை வாசலில் பொலிஸ்காரன் கனகேஸ்வரியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை உள்ளே கூட்டிவர இறங்கிய விமலேந்திரனைப் படியிலேயே மறித்து, இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டான் தாஸிம்.

"என்ன சொல்றதெண்டே தெரியல்ல சேர். தர்மினி அக்கா இல்லாட்டி எங்கட வேல தொடங்கியே இருக்காது."

விமலேந்திரன் தலையாட்டினான். காலையிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தான். நல்லாப் பார்த்தியள், உங்களைப் போல ஆர் பார்ப்பினம் என்று சொன்னவர்களுக்கும் அதே தலையாட்டல்தான்.

உள்ளே பெட்டிக்குள் விமலேந்திரனின் மனைவி தர்மினி படுத்திருந்தாள். நோய் தின்று ஒடுங்கிப்போன முகத்தில் மலர்ச்சாலைக்காரர்கள் பவுடரைக் கொஞ்சம் கூடவே பூசிவிட்டார்கள். போரால் பாதை பூட்டிக் கிடந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் வரவில்லை. கப்பலில் வர இராணுவத்தின் கிளியறன்ஸ் கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா கனகேஸ்வரிதான் அவள் பக்கத்துக்கு ஒரே ஆள்.

தாஸிம் இன்னும் கையை விடவில்லை. மருதானையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். தர்மினியும் விமலேந்திரனும் அவனும், சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருந்த சிலரும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதிப் பழக ஒரு கணினிச் செயலியைச் செய்து இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. எழுத்துருக்கள் விமலேந்திரனுடையவை. திரையில் வரும் சொற்களெல்லாம் தர்மினியுடையவை. அடுத்தவரின் பகுதியில் கைவைக்க முன்னர் அவருக்கு எழுதிக் கேட்கவேண்டும், பதில் வரும்வரை பொறுக்கவேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. அதை எழுதி வைத்தவளும் தர்மினிதான்.

"கேக்காம ஒரு சொல்லத் திருத்தினதுக்கு நான் அக்காட்ட நல்லா வாங்கிக் கட்டியிருக்கிறன்," என்றான் தாஸிம். அழுகையோடு சிரிப்பும் வந்தது அவனுக்கு. "அப்பிடிப்பட்டவங்க, ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, தன்ட வேல முழுக்கத் திருத்த உங்களுக்குச் சம்மதம் தந்திருக்கிறாங்க. அதத்தான் ரொறன்ரோ ஆக்கள் வெப்சைட் முன்பக்கத்தில போடப் போறாங்களாம். விட்டுக்கொடுத்த மனுசியெண்டு. நீங்க ஒரு வசனம் எழுதித் தந்தா நல்லம் சேர்."

"பிறகு பாப்பம்," என்றான் விமலேந்திரன்.

சொன்னபிறகுதான் அதே சொல்லை ஆஸ்பத்திரியிலும் சொன்னது நினைவுக்கு வந்தது.

தர்மினிக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி ஆஸ்பத்திரியில் விட்டிருந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பும் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. அவள் பகுதியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதை மட்டும் முடித்துவிடலாம் என்றுதான் விமலேந்திரன் உட்கார்ந்தான். முடித்தும் விட்டான். அதோடு எழும்பியிருக்கலாம்.

அவளுடைய சொற்கள் அவனுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கோப்பு ஒன்று திறக்காவிட்டால், 'இப்போது திறக்க முடியவில்லை. பயப்படவேண்டாம், நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது' என்று அவள் எழுதியிருந்தாள். "என்னப்பா இது, குழந்தைப்பிள்ளைக்குக் கதை சொல்லுறமாதிரி," என்று அவன் முன்னரே சொல்லியிருக்கிறான். "குழந்தைப்பிள்ளையள்தானே வாசிக்கப் போகுதுகள்," என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் அவள் இல்லை. 'கோப்புத் திறப்புப் பிழை' என்று மாற்றினான். பார்க்க நன்றாக இருந்தது. அடுத்ததையும் மாற்றினான். ஆண்டுக்கணக்காக அவனை உறுத்தியவை எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. அனுப்பும்போது காரணம் எழுதவேண்டிய இடத்தில், 'பொறுப்பாளரிடம் கேட்டுச் செய்தது' என்று எழுதினான். கேட்கவில்லை. அடுத்தநாள் சூப் கொண்டுபோனபோது கேட்டிருக்கலாம். அவள் களைத்திருந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இடையில் அவளை வீட்டுக்கு விட்டார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில், கடற்பக்க அறையில், மடியில் தலையணை வைத்து அதன்மேல் கணினியை வைத்துக்கொண்டு அவள் எதையோ நெடுநேரம் வாசித்தாள். என்ன வாசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவினான். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினான். அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் அவன் வேலையாக இருந்தபோது மின்னஞ்சல் வந்தது.

'வணக்கம் விமலேந்திரன். சொற்பகுதியில் நீங்கள் செய்த மாற்றங்களைப் பார்த்தேன். உழைப்புக்கு நன்றி. சிலவற்றைப் பழையபடி ஆக்க விரும்புகிறேன். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? உங்கள் பதில் கண்டபின் செய்கிறேன். தர்மினி.'

கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இஞ்சருங்கோ'தான், 'என்னப்பா'தான். தன் பெயரை அவள் எழுத்தில் பார்த்தபோது, எங்கோ தூரதேசத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு அவள் எழுதியதுபோல இருந்தது. அவளுடைய வேலையை அவள் அந்தக் கணமே பழையபடி ஆக்கியிருக்கலாம். அவளைத் தடுக்க ஒருவருமில்லை. ஆனால் அவன் செய்ததை அவனைக் கேளாமல் அவள் தொடமாட்டாள்.

அவன் பதில் எழுதவில்லை. எழுதுவதென்றால் மன்னிப்பையும் எழுதவேண்டும். கேட்டுச் செய்ததாக எழுதிய பொய்யையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வாய்விட்டுக் கேட்பாள், ஓம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவள் அன்றைக்கு உப்பில்லாத கஞ்சி குடித்தபடி, கீழ்வீட்டுக்காரரைப் பதிவுக்கென்று பொலிஸ்காரர் கூட்டிக்கொண்டு போனதைப் பற்றிக் கதைத்தாள். அவனும் அதையே கதைத்தான். அடுத்தநாளும் அப்படியே போனது. பிறகு அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கி, திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதாயிற்று.

கடைசி நாள் பின்னேரம் அவள் கண்ணைத் திறந்து, "மெயில் ஏதும் வந்ததே?" என்று கேட்டாள்.

"ஓம், கனக்க வந்து கிடக்கு. பிறகு பாப்பம்," என்றான் அவன்.

அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கனகேஸ்வரி அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்தபடி படியேறி வந்தாள். விட்டுக்கொடுத்த மனுசி என்று தாஸிம் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கவேண்டும்.

"ஆர் விட்டுக்குடுத்தது?" என்றாள். "எங்கட தர்மினியோ? அவளின்ரை பள்ளிக்கூடக் கொப்பிக்கு நான் உறை போட்டாலே கழட்டிப்போட்டுத் தானே போடுவாள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு விமலேந்திரனைப் பார்த்தாள். "தம்பி, உங்களிட்டைக் கேக்கவேணும் எண்டிருந்தனான். நான் போய்ப் பார்த்த அண்டைக்கு அவள் சொன்னவள், 'இவர் இன்னும் பதில் போடேல்லை அக்கா' எண்டு. என்ன பதில் எண்டு கேட்டன். ஒண்டுமில்லை எண்டு விட்டுட்டாள். என்ன தம்பி அது?"

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தங்கச்சியைப் பற்றி இன்னும் ஒரு சொட்டு அறிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. அதுதான் அவனைச் சுட்டது. கந்தோர் விசயம் என்று சொன்னால் நம்பிவிடுவாள். நாக்கு அதற்கு ஆயத்தமாகவே இருந்தது.

"தாஸிம்," என்றான். "நான் அவவைக் கேக்கேல்லை."

"என்ன சேர்?"

"மாத்தினதுக்கு. கேட்டனான் எண்டு எழுதினது பொய். அவ வந்து பார்த்திட்டு எனக்கு எழுதிக் கேட்டவ, பழையபடி ஆக்கலாமோ எண்டு. நான் பதில் போடேல்லை."

கனகேஸ்வரிக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனால் முகம் மாறியது. "ஒரு வீட்டுக்குள்ளைதானே இருந்தனீங்கள்," என்றாள் மெதுவாக. பிறகு அவனைக் கடந்து உள்ளே போனாள்.



"புதுப் பதிப்புச் சீடி எல்லாம் அடிச்சிட்டம் சேர்," என்றான் தாஸிம். "மட்டக்களப்புக்கு, மலைநாட்டுக்கு எல்லாம் போயிட்டு. இனி அதத் திருப்பி எடுக்க ஏலா."

"தெரியும்."

தாஸிம் விமலேந்திரனின் கையை விட்டான். கோபமாக உதறவில்லை. பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தவன்போல விட்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்ற மற்றவர்களோடு போய் நின்றான்.

உள்ளே ஐயர் அவசரப்படுத்தினார். நேரம் பிந்தினால் கனத்தை மயானத்துக்குப் போகும் வழியில் சோதனைக்கு மறிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. கனகேஸ்வரி தங்கச்சியின் நெற்றியில் கூடியிருந்த பவுடரைச் சேலைத் தலைப்பால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு விலகினாள். அவள் விமலேந்திரன் பக்கம் பார்க்கவில்லை.

மலர்ச்சாலை ஆட்கள் இரண்டுபேர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட மூத்தவன் ஐயரைப் பார்த்தான். ஐயர் விமலேந்திரனைக் காட்டினார்.

"வஹமுத மாத்தயா?"

மூடலாமா ஐயா என்று சிங்களத்தில் கேட்கிறான். விமலேந்திரன் தர்மினியின் முகத்தைப் பார்த்தான். பின்னால் யாரோ, "ஓம் எண்டு சொல்லுங்கோ, நேரம் போகுது," என்றார்கள். இன்னொருவர் அந்த ஆளுக்கு மூடும்படி கைகாட்டினார்.

வெள்ளைச் சட்டைக்காரன் மூடவில்லை. பாரமான மூடி. மூடியை ஏந்தியபடியே, விமலேந்திரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.